மயிரிழைக் கம்பிகள்

மாதிரி விமானம் செய்வது பிள்ளைகளின் விளையாட்டு என்றும், வயது வந்த ஒருவர் அதிலே மாதக்கணக்கில் ஈடுபட்டிருப்பது வீண் வேலை என்றும் எண்ணுகிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களோடு வாதாட நான் இதை எழுதவில்லை. அந்த வேலையில் மெய்யாகவே மனத்தைச் செலுத்தியிருக்கிறவர்களிடம்தான் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. முதல் உலக யுத்த காலத்து இரட்டை இறக்கை விமானங்களின் பிளாஸ்டிக் கிட்டுகளை வாங்கி, பெட்டியில் இல்லாத நுணுக்கங்களையெல்லாம் தம் கையாலேயே சேர்த்து, மெய்யான விமானமே சுருங்கி மேஜைமேல் வந்து நிற்பதுபோலச் செய்துவிட வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் எதைச் சேர்க்கிறோம், அது அசலில் என்ன காரியத்தைச் செய்தது என்ற விசாரணை சிறிதும் இல்லாமல் சேர்க்கப்படும் நுணுக்கம், யதார்த்தத்தைக் கொண்டுவருவதாக எண்ணிக்கொண்டே அதைக் கெடுத்துவிடுகிறது என்பது நெடுநாள் அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவதே தெளிவு. 1916 டிசம்பரில் முதன்முதலாக வானில் ஏறிய ஆங்கிலேயரின் ஸாப்வித் கேமல், தன் இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளின் பின்பகுதியை மூடியிருந்த திமில் போன்ற தகட்டினால் ஒட்டகம் என்ற பெயரைப் பெற்ற சிறு போர் விமானம். எஞ்சின், துப்பாக்கிகள், எரிபொருள், விமானி ஆகிய பாரமெல்லாம் மூக்கின் பக்கம் ஏழடிக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தமையால், கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும் வல்லமையும், பழக்கமில்லாத கையில் அகப்பட்டால் ஆளையே கொன்றுவிடும் குணமும் அதற்கு ஒருங்கே வாய்த்திருந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதன் இறக்கைகளின் நீளம் 28 அடி. 48-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 18 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாணுக்குள் மரமும் துணியும் கம்பியுமாக இருந்த ஒரு யந்திரத்தின் இயல்பையெல்லாம் காட்டியாக வேண்டும்.

கம்பியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மிகுதியான பிழைகள் நேர்வது அதிலேதான். கிட் செய்கிறவர்களிற் பெரும்பாலோர், இறக்கைகளுக்கிடையே குறுக்கும் நெடுக்கும் ஓடும் கம்பிகளைக் கடைசியில் பூட்டும் நகையைப்போல நினைக்கிறார்கள். அவற்றின் பூர்வீகத்தை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ரயில்பாதைகளும் பாலங்களும் கட்டிக் கைதேர்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஆக்டேவ் சனூட், 1896-இல் மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளில் எஞ்சினில்லாத தம் சறுக்கு விமானத்தைச் சோதித்தபோது, பாலத்தைத் தாங்கும் சட்டக முறையையே எடுத்து இறக்கைகளுக்குப் பொருத்தினார். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு மெல்லிய தளங்கள், அவற்றைப் பிரித்து நிறுத்தும் மரக்கால்கள், மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய கம்பிகள்: இம்மூன்றும் சேர்ந்து, எடை குறைந்ததும் முறுக்குக்கு அசையாததுமான ஒரு பெட்டியாகிவிடுகின்றன. பின்னால் வந்த இரட்டை இறக்கை விமானங்களிற் பெரும்பாலானவை இந்தச் சூட்சுமத்தின்மேல் எழுந்தவையே. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளும். அந்தப் பாரத்தைத் தாங்குபவை, உடலின் அடிப்பக்கத்திலிருந்து புறப்பட்டு வெளிக்காலின் உச்சியை நோக்கிச் சாய்ந்து ஏறும் பறப்புக் கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கையின் சொந்தக் கனம் கீழே இழுக்கும். அதைத் தாங்குபவை, உடலுக்கு மேலுள்ள நடுப்பகுதியிலிருந்து வெளிக்காலின் அடிக்கு இறங்கும் தரைக் கம்பிகள். முன்னவற்றின் மீது விழும் பாரம் பெரிது என்பதனால்தான் அவற்றை இரட்டை இரட்டையாகப் பூட்டினார்கள். இவ்வளவும் மனத்தில் பதிந்தவருக்கு, எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்ற சந்தேகம் எழுவதே இல்லை. வரைபடம் காணாமற் போனாலும் விமானமே வழி சொல்லிவிடும்.

நான் முதன்முதலில் செய்த கேமலுக்குத் தையல் நூலைக் கருப்பு மையில் தோய்த்துக் கம்பியாக இழுத்துக் கட்டினேன். நான்கு இரவுகள் கண்விழித்துச் செய்த வேலை. விடிந்து பார்க்கையில் என்னவோ மனத்துக்கு ஒவ்வவில்லை. காரணம் விளங்க ஒரு வாரம் பிடித்தது. அந்த நூலின் பருமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதை 48-ஆல் பெருக்கினால் 12 மில்லிமீட்டர், அதாவது கிணற்று வாளிக்குக் கட்டும் கயிறு. அத்தனை கயிறுகளை வரிந்து கட்டிக்கொண்டு எந்த விமானமும் காற்றைக் கிழித்துப் போயிருக்க முடியாது. போதாக்குறைக்கு நூலின் சிலும்புகளில் தூசி படிந்து, உரோமம் முளைத்ததுபோல ஆகியிருந்தது. அதைப் பிரித்தெறிந்தபோது உண்டான வருத்தத்தைவிட, அந்தப் பெருக்கற் கணக்கை முன்னமே போட்டுப் பார்க்காமல் போனேனே என்ற வருத்தம்தான் எனக்கு அதிகம்.

அன்று முதல் நான் உபயோகிப்பது மீன் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி. அதிலும் மிக மெல்லியதாக, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் கிடைப்பது. இறக்கைகளை ஒட்டுவதற்கு முன்பே, விரல்களுக்கிடையே சுழற்றும் சிறு துளைப்பானால் மேல் இறக்கையில் பாதி ஆழத்துக்கும் கீழ் இறக்கையில் ஊடுருவும்படியும் துளையிட்டுக்கொள்ள வேண்டும். தங்கூசியின் ஒரு முனையை மேல் துளையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக்கால் நிறுத்தி, மேல் இறக்கை அமர்ந்தபின் மறுமுனையைக் கீழ்த் துளை வழியே இழுத்து, அதன் நுனியில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைப் பாரமாகத் தொங்கவிட்டு, துளையில் மறுபடி ஒரு சொட்டுப் பசை இட்டு, இறுகியதும் மிச்சத்தை இறக்கையோடு ஒட்ட வெட்டிவிடலாம். அப்படியும் எங்கேனும் ஒரு கம்பி தொய்ந்து நிற்குமானால், ஏற்றிய ஊதுவத்தியின் கனலை அதன் அருகே, தொடாமல், மெல்ல நகர்த்திக் காட்ட வேண்டும். சூட்டில் நைலான் சுருங்கி, வீணையின் தந்திபோல விறைத்துக்கொள்ளும். அரை விநாடி தாமதித்தால் அறுந்துபோகும். அந்த அரை விநாடிக்குள் கை நிதானிப்பதற்கே ஒருவருக்கு ஓராண்டுப் பயிற்சி வேண்டியிருக்கலாம்.

ஆங்கிலேயரின் விமானங்களை இன்னும் ஒரு படி நெருங்கிப் பார்க்க விரும்புவோருக்கு வேறொரு விஷயமும் உண்டு. ஃபார்ன்பரோவிலிருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலை வகுத்த அவர்களுடைய கம்பி உருண்டையானது அன்று. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அவரை விதைபோல நடுவில் தடித்து இருபுறமும் கூர்மையாக இருக்கும். அதன் கூர்விளிம்பு காற்றுக்கு எதிரே நிற்கும்படி பூட்டுவார்கள். ஆகவே முன்னாலிருந்து நோக்கினால் கம்பி இருப்பதே தெரியாது; பக்கவாட்டில் நோக்கினால் பட்டையாக ஒளிவிடும். ஜெர்மானியர்களோ பெரும்பாலும் முறுக்கிய உருக்கு வடத்தையும் அதை இறுக்கும் திருகுகளையுமே நம்பினார்கள். இந்த வேற்றுமையை அறியாமல், ஆங்கில விமானத்தின் பறப்புக் கம்பிகளிலெல்லாம் பித்தளைக் குழாய்த் துண்டுகளைக் கோத்து, திருகுகள் என்று பெயர் சூட்டி அழகு பார்க்கிறவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பிரயாசை எவ்வளவு பெரிது! ஒரு புகைப்படத்தைப் பொறுமையாகப் பார்த்திருந்தால், பாதி உழைப்பில் இரண்டு பங்கு உண்மை கைகூடியிருக்கும்.

இவ்வளவு மெல்லிய கம்பி சில அடி தூரத்தில் கண்ணுக்கே புலப்படாது, ஆதலால் அதை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். 72-இல் ஒரு பங்கு அளவில், வால் சுக்கானை இழுக்கும் மெல்லிய வடங்களுக்கு மட்டில் அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். பருத்த கயிற்றைக் கட்டுவதைவிட ஒன்றும் கட்டாமலிருப்பது மேல். ஆனால் பறப்புக் கம்பியும் தரைக் கம்பியும் இல்லாத இரட்டை இறக்கை விமானம், எலும்பில்லாத உடம்பு. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது நிற்காது, சரிந்துவிடும் என்று அவர் கண் உடனே சொல்லிவிடுகிறது.

விமானியின் இருக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமலின் இருக்கை பிரம்பால் முடைந்தது. நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பிரம்பு நாற்காலியின் உறவு. அதற்கெதிரே, எண்ணெய் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று, எஞ்சினின் நாடித் துடிப்பைப்போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பிரம்பிருக்கையைப் பித்தளைத் தகட்டில் அரித்துச் செய்து விற்கிறார்கள். வாங்குவதில் குற்றமில்லை, எனினும், மெல்லிய செம்புக் கம்பிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றினூடே நூலிழையை உள்ளும் புறமுமாகப் பின்னி எடுத்த இருக்கையில் காணும் சிறு ஒழுங்கின்மை, மனிதன் முடைந்த பிரம்புக்கு அதிகம் நெருங்கியது என்பேன். மேல் இறக்கை அமர்ந்தபின் அது பாதிக்குமேல் மறைந்துவிடும். மறைந்தால் என்ன?

வர்ணத்தில்தான் இன்று பெரிய அநியாயம் நடக்கிறது. இரண்டாம் யுத்தத்து உலோக விமானங்களுக்கென்று பழகிய உத்திகளை அப்படியே கொண்டுவந்து, துணி போர்த்த இறக்கையின் விளிம்பில் வெள்ளிநிறச் சிராய்ப்புகளைத் தீற்றுகிறார்கள். துணிக்கடியில் ஏது வெள்ளி? அங்கே இருந்தது லினன் துணி. அதை முரசுத் தோல்போல இறுக்கி விறைக்கச் செய்ய செல்லுலோஸ் கரைசலைப் பூசி, அதற்குமேல் காவி மண்ணும் விளக்குக் கரியும் கலந்த பி.சி.10 என்ற பூச்சைத் தடவினார்கள். அந்தப் பூச்சு பழுப்பா, பச்சையா என்று அறிஞர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். கலவைக்குக் கலவை, வெயிலுக்கு வெயில் அது மாறியிருக்கும் என்பதனால், இதுதான் சரியான நிறம் என்று ஒருவர் சாதிக்கும்போது நான் பேசாமலிருந்துவிடுவேன். பழைய புகைப்படங்களை ஆதாரமாகக் கொள்ளும்போதும் எச்சரிக்கை வேண்டும்: அக்காலத்துப் படச்சுருள்களிற் பல சிவப்பொளியை ஏற்காதவை, ஆதலால் சிவப்பு அவற்றில் கருத்தும், நீலம் வெளுத்தும் விழுந்திருக்கும். (பிளாஸ்டிக் கிட்டுகளின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று இவ்விடத்தில் ஞாபகம் வருகிறது. 1936-இல் இங்கிலாந்தில் ஃபிராக் பென்குவின் என்ற பெயரில் வெளிவந்த முதல் மூன்று கிட்டுகளுமே இரட்டை இறக்கை விமானங்கள். அவற்றை வார்த்தது செல்லுலோஸ் அசிடேட்டில். அதே பொருளைக் கரைத்துத்தான் முதல் யுத்தத்தின்போது மெய்யான இறக்கைகளின் துணிக்கும் பூசினார்கள்.)

அழுக்கைக் காட்டவே வேண்டுமென்றால், காட்டவேண்டிய அழுக்கு ஒன்று உண்டு. கேமலின் எஞ்சின், நடுத்தண்டு அசையாமல் நிற்க, ஒன்பது சிலிண்டர்களும் சுழலியோடு சேர்ந்து தாமே சுற்றுகின்ற விசித்திரமான அமைப்பு. அதற்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். ஊற்றிய எண்ணெய் திரும்பி வருவதில்லை. புகையோடு கலந்து வெளியே தெறித்துவிடும். மூக்கு மூடியின் அடியிலிருந்து வயிற்றுப்புறம் நெடுகப் பின்னோக்கி ஓடும் மஞ்சட்பழுப்பான அந்த வழுவழுப்பை, நம் வீடுகளில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிப் பழகிய எவரும் எளிதில் கண்முன் கொண்டுவந்துவிடலாம். தூரிகையின் நுனியில் நீர்த்த பழுப்பு வர்ணத்தைத் தொட்டு இரண்டு மூன்று கோடுகள், காற்று போகும் திசையில்; அவ்வளவு போதும். போர்முனையில் பல விமானங்களின் ஆயுள் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களிலும் ஊழியர்கள் அவற்றைத் துடைத்துப் பேணினார்கள். பத்தாண்டு மழையில் கிடந்த இரும்புச் சாமானைப்போல அவற்றைக் காட்டுவது, விமானத்துக்கு மட்டுமன்றி அதைப் பேணிய கைகளுக்கும் இழைக்கும் அநீதி.

நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் நிறுவனம் 2009 முதல் 2020-இல் மூடப்படும்வரை, 32-இல் ஒரு பங்கு அளவிலான தன் கிட்டுகளோடு கம்பி வரைபடங்களும் புகைப்படங்களும் நிறைந்த கையேடுகளைக் கொடுத்து இந்தக் கலைக்குப் பெரிய உபகாரம் செய்தது. ஆனால் எந்தக் கையேடும் ஒருவருக்காகத் தேர்ந்துகொடுக்க முடியாதது ஒன்றுண்டு: இது யாருடைய விமானம், எந்த நாளில் இருந்த நிலை என்பது. அதை நிச்சயித்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்விகளிற் பாதி தாமே தீர்ந்துபோகும்.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது, ராயல் ஃபிளையிங் கோரின் 28-ஆவது ஸ்குவாட்ரனில் கேமல் ஓட்டிய ஹர்தித் சிங் மாலிக்கின் விமானம். ராவல்பிண்டியில் பிறந்த சீக்கியர். பின்னாளில் பிரான்ஸில் நம் நாட்டுத் தூதராக இருந்தவர். 1917 அக்டோபர் 26 அன்று வான்போரில் காலில் குண்டு பாய்ந்தும், விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து உயிர் தப்பினார். தலைப்பாகையைக் கழற்ற அவர் இசையவில்லை. அதன்மேல் அணிவதற்கென்றே பெரிய தலைக்கவசம் ஒன்றைத் தனியாகச் செய்வித்துக்கொண்டார்.

கிட்டில் வரும் விமானி பொம்மையின் தலை மிளகளவு. ஒட்டிய தோல்தொப்பி அணிந்த ஆங்கிலேயரின் தலை. அதன்மேல் எம்-சீலை அரிசிமுனை அளவு கிள்ளி வைத்து, நீரில் நனைத்த பல்குத்தும் குச்சியால் நீவி நீவி, உள்ளே தலைப்பாகை இருப்பதால் எழும் அந்த மேடு தெரியும்படி கவசத்தை உருவாக்க வேண்டும். மூன்று முறை செய்தேன். ஒன்று பூசணிக்காய்போலப் பருத்துவிட்டது. மற்றிரண்டும் வெறும் தொப்பியாகவே நின்றன. மூன்றையும் சுரண்டி எடுத்துவிட்டேன். நான்காவது, நேற்றிரவு செய்தது, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடப்பட்டு மேஜைமேல் இறுகிக்கொண்டிருக்கிறது. அது சரியாக அமைந்திருந்தால் அவரைப் பிரம்பிருக்கையில் உட்காரவைத்து மேல் இறக்கையைப் பொருத்துவேன். அதன் பிறகு தங்கூசியையும் ஊதுவத்தியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.