வரைபடம் யாருடைய உடைமை?

மேற்கு மாம்பலத்திலே ஒரு சாலை. பெயர், லேக் வியூ சாலை. ஏரியைக் காணும் சாலை என்று பொருள். இக்கோடியில் நின்று பார்த்தேன். அக்கோடிக்குச் சென்றும் பார்த்தேன். மாடி தெரிந்தது, மதில் தெரிந்தது, மருந்துக்கடை தெரிந்தது... ஏரி மட்டும் தெரியவில்லை! நாடகத்திலே இப்படியொரு காட்சி அமைத்தால், "ஆசிரியர் மிகைப்படுத்துகிறார்" என்பார்கள்.

மிகையன்று தோழர்களே! பழைய வரைபடங்களைப் புரட்டிப் பாருங்கள். 'லாங் டாங்க்' என்ற பெயருடன் நகரின் மேற்கே நீண்டு கிடக்கிறது ஒரு பேரேரி. அதைத் தூர்த்த நிலத்திலே எழுந்ததுதான் தியாகராய நகர். 1920-களில் அந்நகரைத் திட்டமிட்டோர் யார்? மாற்றாரா? இல்லை, நீதிக்கட்சியினர். நம் முன்னோடிகள்! அவர்தம் பெயரைச் சொல்லி மேடைதோறும் தலை நிமிர்பவன் நான். ஆயினும் ஏரியைத் தூர்த்தது தூர்த்ததுதானே? பிறர் முதுகின் அழுக்கை மட்டும் காட்டும் கண்ணாடி எனக்கு வேண்டாம்.

ஊர் மறந்ததை வரைபடம் மறக்கவில்லை. ஆனால் அந்த வரைபடம் யார் கையில் இருந்தது? 1799-இல் மைசூர் வீழ்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைப் படை அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளத்தை எஃகுச் சங்கிலியால் அளந்தான். அந்தக் கோட்டிலிருந்து தொடங்கியே இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்து முடித்தனர். வரி தண்டவும் படை நடத்தவும் வரைந்த படம், ஆள்வோரின் பெட்டகத்தில் பூட்டப்பட்டது. ஆங்கிலேயன் போனான், பூட்டு போகவில்லை! நம் நாட்டை நாமே நுட்பமாகப் படம் வரைந்து வெளியிட முன் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு 2021 பிப்ரவரியில்தான் பெரும்பாலும் தளர்ந்தது.

இதற்கிடையே உலகில் ஒரு புரட்சி, ஓசையின்றி நடந்தேறியது. 1982-இல் அமெரிக்கப் படையின் பொறியாளர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த 'கிராஸ்', 2002-இல் தொடங்கப்பட்ட 'கியூஜிஐஎஸ்', இடத்தையும் தகவலையும் இணைத்துச் சேமிக்கும் 'போஸ்ட்ஜிஐஎஸ்', படத்தை இணையத்தில் விரித்துக் காட்டும் 'ஓபன்லேயர்ஸ்' — இவையெல்லாம் மூலத்தை மறைக்காத மென்பொருள்கள். விலை கிடையாது, உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பதைத் திறந்து பார்க்கத் தடையும் கிடையாது. விலையில்லாமை பெரிதன்று, திறந்திருப்பதே பெரிது. "கணினி சொல்லிற்று, இது ஏரி அன்று" என அதிகாரி அறுதியிட்டால், "எந்தக் கணக்கால் சொல்லிற்று?" என்று உழவன் திருப்பிக் கேட்க முடிகிறதல்லவா!

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். எனக்கே விளங்கியதை உங்களுக்குச் சொல்வதில் தயக்கமில்லை. நீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். பயிரும் மண்ணும் திருப்பி அனுப்பும். ஆகவே செயற்கைக்கோள் படத்தில் நீர் கருத்துக் கிடக்கும். ஐரோப்பியரின் சென்டினல் கோள்கள் எடுக்கும் படங்கள் எவருக்கும் இலவசம். அவற்றுள் ரேடார் கொண்டு பார்ப்பது மேகத்தையும் இரவையும் ஊடுருவும். வெள்ள நாளிலே வேறு கண் எதற்கு? இனி, தரையின் உயரம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடமொன்று உலகின் பெரும்பகுதியை அளந்தது. அவ்வளவையை ஏறத்தாழ முப்பது மீட்டர்க் கட்டங்களாக இன்று பெறலாம். ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்த்து, "உங்களில் தாழ்ந்தவர் யார்?" என்று கேட்டுத் தன் நீரை அங்கே அனுப்புகிறது. கேள்வி முடியும்போது ஓடை தெரிகிறது, வரத்துக்கால் தெரிகிறது, எந்த மழை எந்த ஏரிக்கு உரியது என்பது தெரிகிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவை கூரையையும் மரத்தையும் தரையென எண்ணி ஏமாறும். சில மீட்டர் பிழைக்கும் இடமுண்டு. மலைக்குச் சரி, தட்டை நிலமான சென்னையில் சில அடி பிசகினால் வெள்ளம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும், படத்திலே! ஆதலால்தான் அரசினர் தம்மிடமுள்ள நுண்ணளவைகளைத் திறந்து தரவேண்டும் என்கிறேன்.

2015 டிசம்பர் 1-ஐ மறந்தோமா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் பாய்ந்தது. ஏரியின் இருப்பு எத்தனை அடி என்ற எண் மக்களுக்குக் கிடைத்தது. அந்த எண்ணைப் பார்த்து, "என் வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு நீர் வரும்?" என அறிய எந்தத் தாயால் முடியும்? அந்நாளில் தன்னார்வ இளைஞர்கள், யாவரும் திருத்தவல்ல 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்'பை அடித்தளமாக்கி இணையத்திலே ஒரு படம் விரித்தனர். நீர் நிற்கும் தெருவை மக்களே தொட்டுக் குறித்தனர். ஆயிரக்கணக்கான தெருக்கள்! அரண்மனைப் பெட்டகத்துப் படமன்று அது. நனைந்த கைகள் வரைந்த படம்.

வெள்ளம் வடிந்தது. "ஆற்றங்கரையில் ஆக்கிரமிப்பு" என்றனர். குடிசைகள் பெயர்க்கப்பட்டன. அடையாற்றங்கரை ஏழைகளை ஏற்றிச் சென்று இறக்கிய இடம் எது தெரியுமா? பெரும்பாக்கம்! லாம்ப்டன் சங்கிலி சென்று முடிந்த அதே பெரும்பாக்கம்; பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பு; வெள்ளத்துக்குப் பழக்கப்பட்ட தாழ்நிலம். நீரிலிருந்து காப்பதாகச் சொல்லி நீரருகே குடிவைத்தனர். அதே சதுப்பை மேய்ந்து நிற்கும் பெருங்கட்டடங்களின்மேல் எவர் அளவுகோலை நீட்டினார்? 2022-இல் உலக ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை இடம்பெற்றது. எஞ்சியதற்குக் கிடைத்த பட்டம் அது! குடிசைமேல் மட்டும் விழும் கோடு நீதியின் கோடாகாது. கோடு எங்கே விழுகிறதென்று குடிசைக்காரனும் காணவேண்டும், அவன் கைப்பேசியில், அவன் மொழியில்.

மொழி என்றதும் ஒன்று. ஆங்கில எழுத்திலே 'ஏரி'யும் 'எரி'யும் ஒன்றே! நீர் நிறைந்ததும் நெருப்பு மூண்டதும் வேறுபாடின்றிக் கிடக்கும் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்... தாங்கல் என்ற சொல்லே அங்கே நீர் தேங்கியதற்குச் சான்று கூறுகிறது. பெயர்களைத் தமிழில் எழுத ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இடமுண்டு. நம் படிப்பகத்துத் தம்பிமார் ஞாயிறுதோறும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் என்ன?

தமிழகத்தில் ஏரி குளங்கள் ஏறத்தாழ 39,000. பொதுப்பணித் துறை ஏரிகளை அளந்து எல்லை குறிக்க 2007-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அளந்த எல்லையும், வரத்துக்காலும், கலிங்கும், மதகும் எவரும் இறக்கிக்கொண்டு செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்திப் பார்க்கும் வடிவில் இணையத்துக்கு வரட்டும். மதகு திறக்கும் நேரமும் அளவும், அந்நீர் எந்தத் தெருவை எப்போது எட்டும் என்ற கணிப்பும் அதே படத்தில் தெரியட்டும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன், செம்பரம்பாக்கத்திலிருந்தே தொடங்கட்டும்.