அட்டப்பாடிக் குழந்தைக்கு எது மருந்து?

ஆனைக்கட்டியைக் கடந்தால் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் புகழாத கோவை மாணவர் நம்மில் எவருமில்லை. அத்தண்ணீர் வரும் மலைநாட்டிலே 2013ஆம் ஆண்டு பச்சிளங்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தார்களே, அதை நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? இருளர், முதுகர், குறும்பர் குடிகளின் குழந்தைகள் அவர்கள். பலர் எடை குறைந்தே பிறந்தவர்கள்; தாய்மாருக்கோ இரத்தசோகை.

மெலிந்த குழந்தையை மீட்கும் வழி மருத்துவர் அறியாததன்று. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் மெலிவு. அத்துடன் நோயும் சேர்ந்தால் மருத்துவமனையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே முதல் நாளே வயிறு நிறைய ஊட்டுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்! பட்டினியில் நலிந்த உடல் அதைத் தாங்காது, உயிருக்கே கேடாகும். 100 மில்லிலிட்டருக்கு 75 கலோரி மட்டும் தரும் பாலுணவை இரவும் பகலும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, சிறிது சிறிதாகப் புகட்டுவார்கள். இரும்புச்சத்துக்கூடத் தொடக்கத்தில் கிடையாது. பசி திரும்பிய பின்னரே ஊட்டம் கூட்டப்படும். இத்தனை நாளும் தாய் உடனிருக்க வேண்டுமே. அவள் கூலிக்கு என்ன வழி? வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு யார் துணை?

சாவுகள் செய்தியான பிறகு, ஊட்டம் தேற்றும் நிலையங்களும் ஊர்களில் சமூகச் சமையற்கூடங்களும் வந்தன. அவற்றைக் குறை கூறேன். ஆனால், எடை கூடியதும் கணக்கை முடித்துவிடுவதைத்தான் நான் மறுக்கிறேன். குழந்தை எங்கே திரும்பிச் செல்கிறது?

1951இல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2011இல் பாதிக்கும் குறைவு. வந்தவர் பெருகினர், நிலம் கைமாறிற்று. பஞ்சக்காட்டில் இராகியும் சாமையும் தினையும் துவரையும் கலந்து விளைவித்த குடும்பம் இன்று நியாயவிலைக் கடை அரிசியை எதிர்பார்க்கிறது. இராகியிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தீட்டிய அரிசியில் இல்லை. “கொடுப்பதை அவர்கள் உண்பதில்லை” என்று சலித்துக்கொள்வோர், உண்டுகொண்டிருந்ததை யார் எடுத்தார் என்று கேட்பதில்லை!

இழந்த நிலத்தை மீட்டுத்தர 1975இல் கேரளம் சட்டம் இயற்றிற்று. அதற்கு விதிகள் வரவே 1986 ஆயிற்று. 1999இல் வந்த வேறொரு சட்டமோ இரண்டு எக்டேர் வரை வாங்கியவரிடமே விட்டுவிட்டு, இழந்தவர்க்கு மாற்று நிலம் என்றது. 2017இல் சிறுதானியத் திட்டம் தொடங்கிற்று, நல்லதுதான். விதை தந்தார்கள், விதைக்க நிலம்?

ஆகவே, மருத்துவமனை ஏட்டில் குழந்தையின் எடைக்குப் பக்கத்தில் தாயின் இரத்த அளவையும் அக்குடும்பத்து நிலத்தின் நிலையையும் எழுதவேண்டும் என்பேன். சிரிப்பவர் சிரிக்கட்டும்.

நம் மன்றத்தார் விடுமுறையில் அம்மலைக்குச் செல்ல விரும்பினால், பிஸ்கட் பொட்டலங்களைச் சுமக்க வேண்டா. மலையாள எழுத்தறிந்த சட்ட மாணவர் இருவரை உடனழைத்துச் செல்லட்டும். நில ஆவணங்களைப் படித்துக்காட்ட ஆள் வேண்டும்.