அம்பை நோகும் ரசிகர்கள்

2014 மே 3 அன்று இங்கிலாந்தின் நான்காம் அடுக்குக் கால்பந்துப் போட்டியான லீக் டூவின் கடைசிச் சுற்று ஆட்டங்கள் நடந்தன. 24 அணிகளில் கடைசி இரண்டு இடங்களில் நிற்பவை லீகை விட்டே வெளியேற வேண்டும். விக்கம் வாண்டரர்ஸ் அணி டார்க்கீயில் 3-0 என்று வென்றது. பிரிஸ்டல் ரோவர்ஸ் சொந்த மைதானத்தில் மான்ஸ்ஃபீல்டிடம் 0-1 என்று தோற்றது. இரண்டும் ஒரே புள்ளிகளில் வந்து நிற்க, கோல் வித்தியாசத்தில் விக்கம் தப்பியது; 1920 முதல் லீகில் ஆடிவந்த ரோவர்ஸ் வெளியேறியது. சீசன் முடிய சில வாரங்களே இருந்தபோது, மார்ச் மாதத்தில், மேலாளர் ஜான் வார்டை ரோவர்ஸ் அந்தப் பொறுப்பிலிருந்து நகர்த்தி அவருடைய உதவியாளர் டேரல் கிளார்க்கை அமர்த்தியிருந்தது. விக்கம் தன் மேலாளர் கேரத் ஐன்ஸ்வொர்த்தைத் தொடவில்லை. அந்தக் கோடையில் இரண்டு கிளப்புகளுமே தங்கள் மேலாளரை வைத்துக்கொண்டன. லீகிலிருந்து இறங்கிய அணியின் மேலாளரான கிளார்க், 2015, 2016 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ரோவர்ஸை இரண்டு அடுக்கு மேலே கொண்டுபோனார். மயிரிழையில் தப்பிய ஐன்ஸ்வொர்த் 2018இல் விக்கமை மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கும், 2020இல் கிளப்பின் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கும் ஏற்றினார். கால்பந்து உலகின் வழக்கமான நியாயப்படி பார்த்தால் இருவரும் 2014 கோடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர்கள்.

அந்த வழக்கமான நியாயத்தைத்தான் இங்கே மறுக்க விரும்புகிறேன். அணி தோற்கிறதா, மேலாளரை நீக்கு. புதியவர் வந்தால் அணி நிமிரும். லண்டனின் கிழக்கிலிருந்து லங்காஷர் ஆலை நகரங்கள்வரை, நாலாயிரம் ஐயாயிரம் பேர் வந்து போகும் சிறிய மைதானங்களில் ஒவ்வொரு நவம்பரிலும் இதைக் கேட்கலாம். ஆறு ஆட்டங்களில் நான்கு தோல்வி என்றால் பேச்சு தொடங்கிவிடும். எட்டில் ஆறு என்றால் அரங்கின் ஒரு பகுதியிலிருந்து கோஷம் எழும். யாரை நீக்குவது, எப்போது நீக்குவது, அடுத்து யாரைக் கொண்டுவருவது என்பதில் ரசிகர்களுக்குள் சண்டை நடக்கும். நீக்குவதால் பயன் உண்டா என்ற கேள்வி மட்டும் எழாது. ஒரு விளையாட்டுக் கணிப்பு பிழைத்துப்போவது பெரிய விஷயமில்லை. இந்த நம்பிக்கை சிறிய கிளப்புகளை உண்மையில் கொன்றுகொண்டிருப்பவர்களைக் காப்பாற்றித் தருகிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நம்பிக்கையின் வேர் புரிந்துகொள்ளக்கூடியதே. மேலாளர் நீக்கப்பட்ட பிறகு அணிகள் கொஞ்சம் நன்றாக ஆடுகின்றன. ரசிகர்கள் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஆனால் மேலாளர்களை எப்போது நீக்குகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். அணி தன் இயல்பான தரத்துக்கும் கீழே சரிந்து, கம்பத்தில் பட்ட பந்துகள் வெளியே தெறித்து, முக்கியமான மூன்று பேர் காயத்தில் கிடந்து, எல்லாம் சேர்ந்து தவறாகப் போன நேரத்தில்தான் நீக்குகிறார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து அணி யார் தயவும் இல்லாமலே ஓரளவு மேலே வரும். காயம் ஆறும், கம்பத்தில் பட்ட பந்து ஒருநாள் உள்ளே போகும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் அந்நாட்டு முதல் அடுக்கில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்தார். அதே அளவு சரிந்தும் மேலாளரை நீக்காத அணிகளை, நீக்கிய அணிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீக்காத அணிகளும் அதேபோல மீண்டிருந்தன. பின்னர் யான் வான் ஊர்ஸ், மார்ட்டின் வான் டைல் இருவரும் அதே லீகின் 14 சீசன்களைப் பந்தயச் சந்தையின் எதிர்பார்ப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 2016இல் அதே முடிவை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் கதை இதைவிட மோசம். ரிக் ஆடஸ், ஸ்டீபன் டாப்சன், ஜான் காடர்ட் மூவரும் அந்நாட்டு லீகின் நான்கு அடுக்குகளையும், ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆட்டங்களையும் அலசி 2002இல் வெளியிட்ட ஆய்வில், சீசன் நடுவே மேலாளரை மாற்றிய அணிகள் சராசரியாக அதன்பின் மோசமாகவே ஆடின என்று கண்டார்கள்.

ஏன் அப்படி என்பதற்கு விடை பெரிய மர்மம் இல்லை. ஒரு அணி பட்டியலில் எங்கே முடியும் என்பதை நீண்டகால நோக்கில் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கிளப் கொடுக்கும் சம்பளம். பொருளியலாளர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி இதைப் பல ஆண்டுகளாக எண்களோடு காட்டிவருகிறார். புதிய மேலாளர் நவம்பரில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீரர்களை வாங்கும் காலம் ஜனவரிவரை மூடிக்கிடக்கிறது. அவர் கையில் இருப்பது முந்தையவர் தன் ஆட்டமுறைக்காகச் சேர்த்த இருபத்துச் சொச்சம் வீரர்கள். அவர்களில் சிலர் பெரிய கிளப்புகள் கடனாக அனுப்பிய பையன்கள், ஜனவரியில் திருப்பி அழைக்கப்படக்கூடியவர்கள். போனவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடும், அவரோடு போகும் உதவியாளர்களுக்கான தொகையும், வருபவரின் சம்பளமும் கிளப்பின் ஒரே பணப்பெட்டியிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். ஜனவரியில் ஒரு நல்ல முன்கள வீரரைக் கொண்டுவரப் போதுமாக இருந்த பணம் அதில் கரைந்துவிடும். பெரிய கிளப்புக்கு இது தூசு. லீக் டூ கிளப்புக்கு இது ஒரு சீசன்.

இதன் உச்சத்தை லேட்டன் ஓரியண்ட் அனுபவித்தது. 2014 மேயில் அந்தக் கிளப் லீக் ஒன்னிலிருந்து மேலேறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் ராதர்ஹாமிடம் பெனால்டி உதைகளில்தான் தோற்றது. சாம்பியன்ஷிப் ஒரு கைநீளத்தில் இருந்தது. அந்தக் கோடையில் இத்தாலியத் தொழிலதிபர் பிரான்செஸ்கோ பெக்கெட்டி கிளப்பை வாங்கினார். அணியை அந்த இறுதிவரை கொண்டுவந்த ரஸ்ஸல் ஸ்லேட் செப்டம்பரிலேயே வெளியேறினார். பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் மேலாளர் நாற்காலி ஏறக்குறைய பத்துத் தடவை கைமாறியது. 2015இல் ஒரு அடுக்கு இறங்கினார்கள். 2016-17 சீசனில் மட்டும் ஆண்டி ஹெஸ்ஸந்தேலர், ஆல்பெர்ட்டோ கவாசின், ஆண்டி எட்வர்ட்ஸ், டேனி வெப், ஒமர் ரிசா என்று ஐந்து பேர். அந்தச் சீசனின் முடிவில், 112 ஆண்டுகள் லீகில் இருந்த ஓரியண்ட் அதிலிருந்து விழுந்தது. வரி பாக்கிக்காக வருவாய்த் துறை கிளப்பைக் கலைக்கக் கோரி நீதிமன்றம் போயிருந்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமானது. ஐந்து பேரும் சுமாரான மேலாளர்கள் என்றே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். ஐவரையும் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், ஒருவர்பின் ஒருவராக அவர்கள் போனபோதும் இருந்தவர் அதே ஒருவர். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் விளையாட்டில் கிடைப்பது அரிது.

நாட்ஸ் கவுண்டியின் கதை இன்னும் அறிவூட்டக்கூடியது, ஏனென்றால் ஒரே மனிதர் அதில் இரண்டு முகங்களோடு தோன்றுகிறார். 1862இல் தொடங்கி, 1888இல் லீகை நிறுவிய பன்னிரண்டு கிளப்புகளில் ஒன்றான நாட்ஸ், 2017 ஜனவரியில் தொடர்ந்து பத்து லீக் ஆட்டங்களில் தோற்றுக் கிடந்தது. கெவின் நோலன் மேலாளராக வந்தார், அணி தப்பித்தது, அடுத்த சீசனில் ஐந்தாம் இடம் பிடித்துப் பிளே-ஆஃப் ஆடியது. பார்த்தீர்களா, மேலாளர் மாற்றம் பலித்தது என்பார்கள். ஆனால் அதே ஜனவரியில் கிளப்பின் உரிமையாளரும் மாறினார், வீரர்களை வாங்கும் காலமும் அப்போது திறந்திருந்தது, பணமும் வந்தது. நோலனின் பங்கை நான் மறுக்கவில்லை, அவர் தனியாகச் செய்ததாகச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். இதே நோலனை 2018 ஆகஸ்டில், சீசனின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களுக்குப் பிறகு நீக்கினார்கள். அடுத்து வந்த ஹாரி கியூவெல் நவம்பரில் போனார். மூன்றாவதாக நீல் ஆர்ட்லி வந்தார். 2019 மே மாதம் நாட்ஸ் கவுண்டி தன் வரலாற்றில் முதன்முறையாக லீகை விட்டு இறங்கியது. அதற்குப் பிறகு கிளப்பை வாங்கிய டென்மார்க் சகோதரர்கள், அணியை இறக்கிய அதே ஆர்ட்லியைத் தொடரவிட்டார்கள். மறு சீசனில் அவர் ஐந்தாம் அடுக்கின் பிளே-ஆஃப் இறுதிவரை அணியைக் கொண்டுபோனார்.

உரிமையாளர் நல்லெண்ணத்தோடு பணம் போட்டாலும் இந்த மருந்து வேலை செய்வதில்லை என்பதற்கு ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் இருக்கிறது. 2022இல் லீக் டூவை வென்று மேலேறிய கையோடு மேலாளர் ராப் எட்வர்ட்ஸ் வாட்ஃபர்டுக்குப் போனார். அணியின் தூண்களாக இருந்த வீரர்கள் சிலரும் போனார்கள். பலவீனமான அந்த அணிக்கு மருந்தாக 2023 ஜனவரி முதல் 2024 ஜனவரிக்குள் நான்கு பேர் நீக்கப்பட்டார்கள். கடைசியாக நீக்கப்பட்ட டிராய் டீனிக்கு முழுதாக ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை. விளைவு, அடுத்தடுத்து இரண்டு தரமிறக்கங்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் இரண்டு வாதங்களுக்குக் கனம் உண்டு. மோசமான மேலாளர்கள் உண்மையிலேயே உண்டு, அவர்களையும் சுமக்க வேண்டுமா என்பது ஒன்று. வேண்டாம். ஓரியண்டே சாட்சி. 2017இல் புதிய உரிமையாளர்கள் முதலில் அமர்த்திய ஸ்டீவ் டேவிஸை நவம்பரில் நீக்கி ஜஸ்டின் எடின்பரோவைக் கொண்டுவந்தார்கள். 2019இல் அவர் ஓரியண்டை லீகுக்குத் திருப்பி அழைத்துவந்தார். அது நல்ல நீக்கம். ஆனால் எடின்பரோ உட்கார்ந்த கட்டடத்தைக் கவனியுங்கள். ஓரியண்டைச் சிறுவயது முதல் நேசித்த நைஜல் டிராவிஸ் தலைமையில் புதிய முதலீட்டாளர்கள் வந்திருந்தார்கள். சம்பளம் முறையாக வந்தது. முன்னாள் மேலாளர் மார்ட்டின் லிங் கால்பந்து இயக்குநராக வீரர் தேர்வைப் பார்த்துக்கொண்டார். அந்த முதல் சீசனில் அணி ஐந்தாம் அடுக்கில் 13ஆம் இடத்தில்தான் முடித்தது, யாரும் எடின்பரோவைத் துரத்தவில்லை. மேலாளரை மாற்றுவது பலன் தந்த இடங்களில் அதற்கு முன்பே வேறெதுவோ மாறியிருக்கிறது.

இரண்டாவது வாதம் கூர்மையானது. எப்படியும் மூழ்கப்போகிற அணிக்குச் சராசரியைப் பற்றி என்ன கவலை, ஒரு சூதாட்டம் ஆடிப்பார்த்தால் என்ன? மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வே மேலாளர் மாற்றம் முடிவுகளின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டுகிறது என்கிறது. அந்த அளவில் வாதம் சரியே. கடைசிப் பத்து ஆட்டங்களில் பத்துப் புள்ளி பின்தங்கிய அணி பகடை உருட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரசிகர்கள் கேட்பது அதை அல்ல. அவர்கள் செப்டம்பரில் கேட்கிறார்கள், நவம்பரில் கேட்கிறார்கள், முப்பது ஆட்டங்கள் மீதமிருக்கும்போது கேட்கிறார்கள். முப்பது ஆட்டம் இருப்பவனுக்குச் சூதாட்டம் தேவையில்லை.

ரசிகனால் உரிமையாளரை நீக்க முடியாது, மேலாளருக்கு எதிராகக் குரல் எழுப்பவாவது முடியும் என்று சிலர் ஆற்றாமையோடு சொல்கிறார்கள். இந்த ஆற்றாமையைத்தான் உரிமையாளர்கள் நம்பியிருக்கிறார்கள். கோஷம் உரக்க எழும் வாரத்தில் ஒருவரை நீக்கினால் ஆறு வாரம் அமைதி கிடைக்கும். அந்த ஆறு வாரத்தில் கணக்கு வழக்கை யாரும் கேட்கமாட்டார்கள். ஆட்டத்தின் முடிவு மட்டுமே கிளப்பின் நலத்தைக் காட்டும் என்று நம்புகிறவர்கள் பெரி (Bury) என்ற கிளப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறிய அந்தக் கிளப்பில் வீரர்களுக்குச் சம்பளம் கிடைக்காத மாதங்கள் வந்தன. அதற்கு நடுவிலும் ரயன் லோ என்ற மேலாளர் 2019 வசந்தத்தில் அணியை லீக் டூவில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்து மேலேற்றினார். ஆகஸ்டில், புதிய அடுக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், பெரி லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. வெற்றி தந்த மேலாளராலும் அந்தக் கிளப்பைக் காப்பாற்ற முடியவில்லை.

ரசிகர்களின் கைகள் உண்மையில் அவ்வளவு வெறுமையும் அல்ல. எக்ஸிடர் சிட்டி 2003 முதல் ரசிகர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அங்கே பால் டிஸ்டேல் 2006 முதல் 2018 வரை மேலாளராக இருந்தார். 2012இல் அணி ஒரு அடுக்கு இறங்கியபோதும் இருந்தார். 2014இல் ஐன்ஸ்வொர்த்தைக் கைவிடாத விக்கமும் அப்போது ரசிகர் அறக்கட்டளையின் கையில்தான் இருந்தது. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எட்டுத் தோல்விக்காக ஒருவரைத் துரத்த அவ்வளவு அவசரப்படுவதில்லை. ஓரியண்ட் ரசிகர்களும் 2017 ஏப்ரலில் கொல்செஸ்டர் ஆட்டத்தின்போது மைதானத்துக்குள் இறங்கி உட்கார்ந்தது எந்த மேலாளருக்கும் எதிராக அல்ல, பெக்கெட்டிக்கு எதிராக. ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் காலி அரங்கில் நடந்து முடிந்தன. இரண்டே மாதங்களில் கிளப் கைமாறியது. அந்த ஒரு நாள்தான் அதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் சரியான முகவரிக்குப் போனது.

இப்போது சட்டமும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. பெரியின் அழிவுக்குப் பிறகு, டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வின் பரிந்துரைகளிலிருந்து பிறந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறி, முதல் ஐந்து அடுக்குகளுக்கும் ஒரு சுயாதீன ஒழுங்காற்று அமைப்பைக் கொண்டுவந்துள்ளது. கிளப்புகள் உரிமம் பெற வேண்டும். உரிமையாளர்களின் தகுதி சோதிக்கப்படும். முக்கிய முடிவுகளில் ரசிகர்களைக் கலந்தாக வேண்டும். அப்படிக் கலந்து பேசும் கூட்டத்தில் அடுத்த மேலாளர் யார் என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மைதானம் யார் பெயரில் இருக்கிறது, உரிமையாளர் கொடுத்திருப்பது முதலீடா கடனா, கடன் என்றால் என்ன வட்டி, வீரர் சம்பளத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, கடந்த மூன்று ஆண்டுகளில் நீக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.