காணோம் என்பதும் கணக்கே!

"மலைக்குள் ஜெர்மானியத்தைப் புதைத்து வைத்து ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்களாம், கடைசியில் கண்டது ஒன்றுமில்லையாம்!" எனக் கைகொட்டிச் சிரிக்கின்றனர் சிலர். சிரிக்கட்டும்! சிரித்து முடித்தபின் சிறிது சிந்திக்கட்டும்!

இத்தாலி நாட்டிலே கிரான் சாசோ மலை. 1,400 மீட்டர் பாறை கூரையாய்க் கவிந்திருக்க, அதனடியில் ஆய்வுக்கூடம். விண்ணிலிருந்து பொழியும் கதிர்கள் கருவியை ஏய்த்துவிடாதிருக்கவே அந்தப் பாறைக் கவசம்!

அங்கே தேடியது எதனை? ஜெர்மானியம்-76 அணுக்கரு, ஒரே நேரத்தில் இரண்டு எலக்ட்ரான்களை உமிழ்ந்து செலினியமாக மாறும். இத்தகைய இரட்டைச் சிதைவை 1935-இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் மரியா கெப்பர்ட் மேயர் எனும் பெண்மணி. எலக்ட்ரான்களோடு இரண்டு எதிர்நியூட்ரினோக்களும் வெளியேறுவது வழக்கம். அவை வெளியேறாமலே சிதைவு நிகழுமானால், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்பது புலனாகும். 1937-இல் மயோரானா முன்வைத்த கருத்து மெய்யாகும். அண்டத்திலே பருப்பொருள் மட்டும் எஞ்சியது ஏன் என்ற புதிருக்கும் வழி திறக்கக்கூடும். அற்பத் தேடலா இது?

2001-இல், அதே மலையில் ஆய்ந்த குழுவினருள் சிலர், "கண்டோம்!" என்றனர். உலகம் உடனே மாலை சூட்டியதா? இல்லை! "மீண்டும் அளந்து பார்" என்றது. கெர்டா எனும் சோதனை எழுந்தது. பழைய சோதனையின் படிகங்களையும் எடுத்து, திரவ ஆர்கானில் தொங்கவிட்டு அளந்தது. 2013-இல் வந்த முடிவு பழைய முழக்கத்துக்குத் துணை நிற்கவில்லை. எந்தப் படிகங்களைக் காட்டிக் "கண்டோம்" என்றார்களோ, அவையே எதிர்ச்சாட்சி கூறின!

2020-இல் இறுதிக் கணக்கு: அப்படியொரு சிதைவு இருந்தாலும், அதன் அரை ஆயுள் 18-ஐ அடுத்து 25 சுழிகள் இட்ட ஆண்டுகளுக்கும் மேல்! 90 விழுக்காடு உறுதியோடு சொன்னார்கள். அண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளே.

"அத்தனை காலம் காத்திருந்தவர் யார்?" என்பர் குதர்க்கம் பேசுவோர். 76 கிராமிலேயே 6-ஐ அடுத்து 23 சுழிகள் இட்ட அணுக்கள் உண்டு. ஓர் அணுவை யுகயுகமாய்க் காப்பதற்கு மாறாக, கோடானுகோடி அணுக்களைச் சில ஆண்டுகள் காத்தனர், அவ்வளவே!

ஆகவே தோழர்களே, வெறுங்கையோடு திரும்பவில்லை அவர்கள். பிழையான முழக்கத்தை வீழ்த்தினர். உண்மை எந்த எல்லைக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது என்பதற்கு வேலி நட்டனர். அந்த வேலியைத் தாண்டித் தேட, லெஜண்ட் எனும் அடுத்த சோதனை 2023-இல் அதே மலையில் அளக்கத் தொடங்கிற்று.

"கண்டோம்" எனக் கூவுவதற்குக் குரல் போதும். "காணோம், ஆயினும் இவ்வளவு அளந்தோம்" என்று கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்!