மாம்பழமும் மாத்திரையும்

காரைக்காலில் வருஷந்தோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிக்ஷாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வாரியிறைக்கப்படுகிறது. பிள்ளையில்லாத பெண் அதைப் பிடித்துத் தின்றால் கர்ப்பமாவாளாம்! கடவுளிடமே மாம்பழம் வாங்கியவராகச் சொல்லப்படும் புனிதவதியாருக்குப் பிள்ளை பிறந்ததாகப் பெரிய புராணமே சொல்லவில்லையே! பிறந்தது, அவரைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்த கணவனுக்கல்லவா?

இதைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்களின் யோக்கியதை என்ன? அவர்கள் வீட்டுப் பெண்கள் கருத்தரிக்க வைப்பதாகச் சொல்லப்படும் மாத்திரையும் பொடியும் விழுங்குகிறார்கள். மாதவிலக்கு நான்கு நாள் தள்ளினால் மருந்து பலித்ததென்று மகிழ்கிறார்கள், வந்துவிட்டால் அழுகிறார்கள். கவலை, எடை மாற்றம், தைராய்டுக் கோளாறு, சிற்சில மருந்துகள் ஆகியவற்றாலும் அது தள்ளக்கூடும். போலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் நல்லதே. ஆனால் அது சிசுவின் மூளை, முதுகுத்தண்டுக் குறைகளைத் தடுப்பதற்கேயன்றிக் கருவை உண்டாக்குவதற்கல்ல. பெண்ணின் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது.

பிள்ளையில்லாமையில் ஏறக்குறைய பாதிக்கு ஆணிடமும் காரணமுண்டு என்கிறது வைத்திய சாஸ்திரம். ஆனால் பழம் பிடிப்பவளும் பெண், மாத்திரை விழுங்குபவளும் பெண், "மலடி" பட்டம் சுமப்பவளும் பெண்! இது என்ன நியாயம்?

தோழர்களே! ஒரு வருஷம் முயன்றும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றும், பலனில்லையானால் இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள். ஆண் முதலில் தன் விந்தைச் சோதித்துக்கொள்ளட்டும். அதற்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அப்படியும் பிள்ளை இல்லையென்றால்தான் என்ன? பிள்ளை பெறாத பெண்ணும் முழு மனிதரேயாவார்.