பல் வைத்தியரின் கை

பல் நோவு தாங்காமல் வைத்தியரிடம் ஓடுகிற நாம், அவருடைய கையைப் பற்றி ஒரு நாளாவது சிந்தித்ததுண்டா? அந்தக் கை நலமாயிருந்தால்தான் நம் பல் நலமாயிருக்கும். ஆயினும், இத்தொழிலாளரைப் பீடிக்கும் ‘கார்ப்பல் டன்னல்’ என்னும் மணிக்கட்டு வியாதியைப் பற்றிப் பொது ஜனங்கள் அறிந்தது மிகச் சொற்பமே.

மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிற்றெலும்புகளுக்கும் அவற்றின்மேல் கூரைபோற் படர்ந்த உறுதியான பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் மீடியன் என்னும் நரம்பும் அதன் வழியாகவே செல்கின்றன. அங்கே அழுத்தம் மிகுந்தால் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரலும் அதையடுத்த விரல்களும் மரத்துப்போகின்றன. இரவில் உறக்கம் கலைகிறது. கவனியாது விட்டால் கட்டைவிரலடிச் சதை வற்றி, பிடித்த கருவி நழுவுகிறது.

பல் வைத்தியர் அஞ்சவேண்டிய காரணங்கள் பல. மெல்லிய கருவியை விரல் நுனிகளால் இறுகப் பற்றிப் பற்காரையைச் சுரண்டுவது ஒன்று. கருவி மழுங்கியிருந்தால் பிடி இன்னும் இறுகும். வாயின் மூலையை எட்டுவதற்காக மணிக்கட்டை நெடுநேரம் வளைத்து வைத்தல், ஒரே அசைவை ஓயாமற் செய்தல், அதிரும் யந்திரம், இறுக்கமான கையுறை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, உடற்பருமன், கர்ப்பம் ஆகியவை இருந்தால் அபாயம் அதிகம். ஆண்களைவிட ஸ்திரீகளையே இது மிகுதியாகத் தாக்குகிறது. இக்காலத்தில் நமது பல் வைத்தியக் கல்லூரிகளில் ஸ்திரீகள் பெருந்தொகையாகப் பயில்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இதைத் தனி மனிதரின் தேகக் குறை என்று சொல்லித் தட்டிக்கழிப்பது நியாயமன்று. பலத்தைச் செலுத்தி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தல், அதிர்ச்சி, மணிக்கட்டின் தவறான நிலை ஆகியவற்றால் நேரும் இவ்வியாதியைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-ஆம் வருஷத்திலேயே தொழில் வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது.

பரிகாரமோ எளிது. சுமார் 10 மில்லிமீட்டர் பருமனுள்ள பிடியும், 15 கிராமுக்கு மேற்படாத எடையும் கொண்ட கருவிகளைக் கூர்மை கெடாமல் வைத்திருத்தல், கைக்கேற்ற உறை, மணிக்கட்டு நேராயிருக்கும்படி நோயாளியை அமர்த்துதல், கடினமான சிகிச்சைக்குப் பின் எளிதானதொன்று, இடையிடையே ஓய்வு. ஆனால் சம்பளத்திற்கு அமர்ந்த இளம் வைத்தியருக்கு இவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஏது? நோயாளிகளின் தொகையைக் கணக்கிடும் முதலாளிக்கு வைத்தியரின் விரல் மரத்தது கணக்கில் ஏறுமா?

பல் வைத்தியம் செய்யத் தகுந்தவர் யார் என்பதை 1948-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. அது ஜனங்களுக்குப் பாதுகாப்பாயிற்று. அதே ஜனங்களுக்கு உழைக்கும் கையைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறோம். கல்லூரிகள் முதல் வருஷத்திலேயே இதைப் போதிக்கவேண்டும். முதலாளிகள் தக்க கருவியும் ஓய்வும் அளிக்கவேண்டும். சர்க்கார் அதைக் கண்காணிக்கவேண்டும். தொழிலாளர் நலம் பேசுவோர் ஆலை வாசலோடு நின்றுவிடாமல், வைத்தியசாலைக்குள்ளும் பார்வையைச் செலுத்துவார்களாக.