சிக்கு எடுக்கிறீர்களா, முடியைப் பிடுங்குகிறீர்களா?

பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் காலை ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். ஏதோ ஒரு வீட்டிலிருந்து "அம்மா, வலிக்குது" என்று ஒரு சத்தம் வரும். பின்னாலேயே "ஆடாம நில்லுடி, வேன் வந்துரும்" என்று இன்னொரு சத்தம். பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம், அடுப்பில் குக்கர், நடுவில் மாட்டிக்கொண்டது அந்தப் பிள்ளையின் தலை.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. "முடி நீளமா வேணும்னா வலியைப் பொறுத்துக்கத்தான் வேணும்" என்று ஒரு எழுதாத சட்டம் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சுத்தப் பொய். முடியின் நீளத்துக்காக யாருக்கும் வலிக்க வேண்டிய அவசியமில்லை. சீப்பு பிடித்த கையின் அவசரம்தான் வலிக்கிறது. பொறுமையை எல்லோரும் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது சீப்பு பிடித்தவரிடம்.

கொஞ்சம் கணக்கு போடுவோம். தலைமுடி வருடத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. வளரும். இடுப்பைத் தொடும் முடி 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் நுனிக்கு வயது 5. ஐந்து வருட வெயில், ஐந்து வருட ஷாம்பு, ஐந்து வருடத் தலையணை உரசல் எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. முடியின் மேல்பக்கம் ஓட்டுக்கூரை மாதிரி செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கியிருக்கும். நாளாக ஆக அந்த ஓடுகள் தேயும், தூக்கிக்கொள்ளும், உடையும். சொரசொரப்பான முடிகள் ஒன்றோடொன்று உரசி மாட்டிக்கொள்வதுதான் சிக்கு. அதனால்தான் உச்சந்தலையைவிடக் கீழ்ப்பாதியில் சிக்கு அதிகம்.

இப்போது நம் வீட்டு முறையைப் பாருங்கள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பு. மேலே இருந்த சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் சிக்கோடு சேர்ந்து ஒரு கட்டியாகிவிடும். பிறகு அந்தக் கட்டி அறுகிற வரை இழுப்பு. நூல்கண்டில் சிக்கு விழுந்தால் இப்படியா செய்வோம்? தையல் நூலுக்குக் கிடைக்கும் மரியாதை பிள்ளையின் தலைக்குக் கிடைப்பதில்லை :-)

சரியான முறை இதற்கு நேர் தலைகீழ். முதலில் விரல்களால் பெரிய சிக்குகளைத் தளர்த்த வேண்டும். பிறகு முடியை இரண்டு மூன்று பாகமாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மட்டும் சீவ வேண்டும். அது வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் நாலு விரல் மேலே. இப்படியே ஏறி, கடைசியில்தான் உச்சி. முக்கியமான விஷயம், சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. பிடிவாதமான சிக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் அல்லது கொஞ்சம் கண்டிஷனர் தடவினால் முடி வழுக்கிப் பிரியும். பேன் சீப்பு பேனுக்குத்தான். அதை வைத்துச் சிக்கு எடுப்பது கொடுமை.

அடுத்தது ஈரத்தலை. தண்ணீர் உள்ளே போனதும் முடி உப்பும், அதன் புரதத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். அந்த நேரத்தில் இழுத்தால் முடி ரப்பர் மாதிரி நீளும். அளவுக்கு மேல் நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. நேரான முடியோ லேசான அலை முடியோ என்றால் பாதிக்கு மேல் காய்ந்த பிறகு சீப்பு போடுங்கள். நல்ல சுருட்டை முடிக்கு மட்டும் கதை வேறு. அதைக் காய்ந்த பிறகு சீவினால்தான் உடையும். ஈரத்தோடு, கண்டிஷனர் தடவி, மெதுவாகப் பிரிக்க வேண்டும். துண்டால் பரபரவென்று தேய்த்துத் துவட்டுவது யாருக்கும் ஆகாது. ஒற்றி எடுத்தால் போதும்.

இனி விளம்பரங்களுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சீப்பில் வந்த முடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்த முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது உடைந்த முடி. 'முடி உதிர்வு' என்று பயம் காட்டும் பல ஷாம்பு விளம்பரங்களின் அடியில் 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று பொடி எழுத்தில் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? உடைப்பதில் பெரும்பங்கு நம் கையுடையது. இலவசமாக நிறுத்தக்கூடிய ஒன்றுக்கு மாதாமாதம் காசு கொடுக்கிறோம்!

எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2003-ல் வந்த ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த எண்ணெயும் முரட்டுக் கைக்கு மருந்தில்லை.

"எங்க காலத்துல இப்படியெல்லாம் பார்த்தோமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பார்த்தார்களே! சிணுக்கோலி என்று ஒரு சாமான் இருந்தது. கூரான ஒற்றைக் கோல். அதைச் சிக்குக்குள் விட்டு இழை இழையாகப் பிரிப்பார்கள். சிக்கு எடுப்பதற்கென்றே தனியாக ஒரு கருவியும் அதற்கொரு பெயரும் வைத்திருந்தவர்கள் நாம். கருவி போனது, பொறுமையும் கூடவே போனது.

"நேரம் எங்கே இருக்கு?" என்பது நியாயமான கேள்வி. காலையில் இல்லைதான். ராத்திரி இருக்கிறது. படுக்கும் முன் சிக்கெடுத்துத் தளர்வாக ஒரு பின்னல் போட்டுவிட்டால் காலையில் வேலை பாதி. "அவ்வளவு கஷ்டம்னா வெட்டிக்கோயேன்" என்பவர்களுக்கு: வெட்ட ஆசைப்படுகிறவள் தாராளமாக வெட்டட்டும், யாரும் தடுக்க வேண்டாம். வளர்க்க ஆசைப்படுகிறவளை வலியைக் காட்டி மிரட்டாதீர்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. முடியைத் தொடர்ந்து இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் வழுக்கை விழும். 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். ஆரம்பத்தில் விட்டால் முடி திரும்ப வளரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வளராமலே போகலாம். ஒழுக்கம் என்பது ரிப்பனின் இறுக்கத்தில் இருக்கிறதா? தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டு வந்தால் கணக்குப் பாடம் மண்டையில் ஏறாதா?

பிள்ளை "ஆ" என்றால் கையை நிறுத்துங்கள். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் ஒரு சிக்கு இருக்கிறது, கொஞ்சம் கீழேயிருந்து வாருங்கள் என்று அவள் சொல்கிறாள். அவ்வளவுதான்.